ஆறரை மணி பிளாங்க் கால்

அத்தியாயம் 6

வெள்ளிக்கிழமை மாலை ஆறு இருபத்தெட்டு. தேவமணி டீச்சர் வீட்டு ஹாலில் நாலு பேர் உட்கார்ந்து ஒரு டெலிபோனை முறைத்துக்கொண்டிருந்தார்கள். அதுவோ நூலில் பின்னிய வெள்ளைத் துணியைத் தலையில் போட்டுக்கொண்டு, முதல் வரிசையில் உட்கார்ந்து பிரசங்கம் கேட்கும் அம்மா மாதிரி அடக்க ஒடுக்கமாக இருந்தது.

"இது அடிச்சா எடுக்கணுமா, நாமளே எடுத்து நாலு அடி அடிச்சிரலாமாக்கா?" என்றான் ஜெயசிங்.

"வாட்ச்ச மட்டும் பாருல" என்றாள் இசக்கித்தாய்.

சங்கரன்கோவிலில் துப்பறியும் நிறுவனம் என்று போர்டு மாட்டியிருப்பது ஒரே இடத்தில்தான். வடக்கு ரத வீதியில் பூக்கடைக்கு மாடியில். மாப்பிள்ளை குடிப்பாரா, வேலை நிஜமா, முன்னால் ஒரு கல்யாணம் ஆனதா என்று விசாரித்துச் சொல்வதுதான் இசக்கித்தாயின் தினப்படி வேலை. நாற்பத்தாறு வயது, சிரிப்பை அளந்துதான் செலவழிப்பாள். ஜெயசிங் அவளுடைய ஒரே உதவியாளன். அதற்கு முன் ஒன்பது வருஷம் வீடு வீடாக ஏறி பிரஷர் குக்கர் விற்றவன். எத்தனை கதவு முகத்தில் சாத்தப்பட்டாலும் வாய் மூடாத பயிற்சி அங்கே கிடைத்தது.

ஆறு முப்பது. டிர்ர்ரிங்.

டீச்சரின் மகள் ஹெப்சி எடுத்தாள். "ஹலோ" என்றாள். கொஞ்சம் காத்திருந்தாள். பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டு ரிசீவரை இசக்கித்தாயிடம் நீட்டினாள். இசக்கித்தாய் காதில் வைத்துப் பார்த்துவிட்டு ஜெயசிங்கிடம் தள்ளினாள்.

"ஏலே, யாருல நீ? ஆம்பளையா இருந்தா பேசு. பொம்பளையா இருந்தாலும் பேசு, ஒண்ணும் தப்பில்ல."

பதில் இல்லை. மூச்சுச் சத்தம்கூட இல்லை. சரியாக ஒரு நிமிஷம். டொக்கென்று வைத்துவிட்டார்கள். அடுத்த நிமிஷம் மறுபடி டிர்ர்ரிங்.

மூன்றாவது தடவை ஜெயசிங் மிரட்டினான். நாலாவது தடவை கெஞ்சினான். ஐந்தாவது தடவை பழைய தொழில் ஞாபகம் வந்து, "வணக்கம் சார், அஞ்சு லிட்டர் குக்கர், அடி கனம், ரெண்டு வருச கியாரண்டி" என்று முழுப் பாடத்தையும் ஒப்பித்தான். அதற்கும் அந்தப் பக்கம் சலனம் இல்லை. பத்தாவது தடவையோடு போன் அடங்கியது. ஆறு ஐம்பது.

"தினமும் இப்படித்தான்க்கா. பதினெட்டு நாளா" என்றாள் ஹெப்சி.

விஷயம் இதுதான். ஹெப்சிக்கும் ரூபஸுக்கும் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. ரூபஸ் பெங்களூரில் வேலை பார்க்கிறான். கோயிலில், அதாவது சர்ச்சில், மூன்று ஞாயிறு கல்யாண ஓலை என்ற அறிவிப்பை வாசிக்க வேண்டும். ஆட்சேபணை உள்ளவர்கள் எழுந்து சொல்லலாம். இரண்டு ஓலை முடிந்துவிட்டது. மூன்றாவது நாளை மறுநாள். இந்த நேரத்தில்தான் பிளாங்க் கால். ஒளிக்க ஒன்றுமில்லையே என்று ஹெப்சியே ரூபஸிடம் சிரித்துக்கொண்டு சொன்னாள். அவன் அப்பாவிடம் சொன்னான். அங்கே பற்றிக்கொண்டது.

ரூபஸின் அப்பா மாணிக்கராஜ் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். இதே தெருவில் எதிர்வீட்டில் பதினாலு வருஷம் வாடகைக்கு இருந்தவர். ஓய்வு பெற்றதும் சிவகிரியில் வீடு கட்டிக்கொண்டு போய்விட்டார். போன வியாழக்கிழமை நேரே வந்து இந்த ஹாலில் உட்கார்ந்தார். "அடிக்கட்டும். நான் எடுக்கேன்" என்றார். எட்டு மணிவரை உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு மட்டும் போன் அடிக்கவே இல்லை.

"நான் இங்கன இருக்கது அவனுக்கு எப்படித் தெரிஞ்சுது? யாரோ சொல்லியிருக்கணும்லா" என்று ஹெப்சியைப் பார்த்துக் கேட்டுவிட்டுப் போனார். அடித்தவன் யாரென்று சனிக்கிழமைக்குள் தெரியாவிட்டால் மூன்றாவது ஓலையில் தானே எழுந்து நிற்பேன் என்று சொல்லிவிட்டுப் போனார். தகப்பன் இல்லாத வீடு. தேவமணி டீச்சர் அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை.

"எக்ஸ்சேஞ்சுல எழுதிக் குடுத்தா கண்டுபிடிக்கலாமாம். ஆனா நாளாகும்" என்றார் டீச்சர். "நமக்கு இருக்கது நாளைக்கு ஒரு நாளு."

"எனக்கு ரூபஸைப் பிடிச்சிருக்கு" என்றாள் ஹெப்சி. "ஆனா கல்யாணம் நின்னாகூட நிக்கட்டும்க்கா. என்மேல ஒரு பொய் நிக்கக்கூடாது."

மனசு கலங்கினால் ஜெயசிங் உடனே ஜோக் அடிப்பான். "கவலப்படாத தங்கச்சி. கோயில் கொயர்ல பாடுதானே அந்த டேவிட்சன், கிறிஸ்துமஸ் கார்டு குடுத்தாம்னு சொன்னியே, அவனத்தான் அமுக்கணும். ரெண்டு தட்டுத் தட்டினா பாட்டா வரும்."

"டேவிட்சன் இல்ல" என்றாள் இசக்கித்தாய்.

"எப்படிக்கா?"

"காதலிக்கவன் எண்ண மாட்டான்ல. ஒரு நாள் மூணு தடவ போடுவான், ஒரு நாள் முப்பது தடவ போடுவான். இது தினமும் பத்து. நடுவுல சரியா ஒரு நிமிசம். அது போகட்டும், நீ குக்கர் வித்தியே, அப்ப என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. கேட்டுக்கிட்டே இருந்தான்."

"ஒம்போது வருசத்துல உன் பேச்ச ஒரு நிமிசம் முழுசாக் கேட்டது யாரு?"

ஜெயசிங் யோசித்தான். அவனுக்கு ஒருவர் முகமும் ஞாபகம் வரவில்லை. "அப்ப… அது மனுசனே இல்லங்கீயளா?"

"மூச்சு விடாது. கோவப்படாது. எண்ணத் தெரியும். வண்டிய எடு. இப்ராஹீம் கடைக்குப் போவோம்."

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இப்ராஹீமின் பிரவுசிங் சென்டர். திரை போட்ட மூன்று தடுப்பு, மூன்று கம்ப்யூட்டர், மூன்றுக்கும் சேர்த்து ஒரு டேபிள் பேன். சங்கரன்கோவிலுக்கு இன்டர்நெட் வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. அதற்குள் இப்ராஹீம் அதன் பெரியப்பா மாதிரி பேசுவான். இசக்கித்தாய் நடந்ததைச் சொல்லி முடிக்குமுன் அவன் சிரித்துவிட்டான்.

"அக்கா, இன்டர்நெட்டுங்கது ஆகாசத்துல ஒண்ணும் இல்ல. அதுவும் ஒரு போன் நம்பர்தான். நம்ம கம்ப்யூட்டர் அந்த நம்பருக்குப் போன் போடும். அங்கன ஒரு கம்ப்யூட்டர் எடுத்து கீய்ய்ய்னு கத்தும். அதக் கேட்டுட்டு நம்மது பதிலுக்குக் கத்தும். ரெண்டும் பேசிப் பழகி உள்ள விடும்."

"அங்கன எடுக்கது கம்ப்யூட்டர் இல்ல, மனுசன்னா?"

"கத்தல் கேக்காம நம்மது வாயத் திறக்காது. ஒரு நிமிசம் பாக்கும், வச்சிரும். மறுபடி போடும். இங்கன பாருங்க." திரையில் ஒரு சின்னப் பெட்டியைத் திறந்தான். அதில் போன் நம்பர் போட ஒரு கட்டம். கீழே இன்னும் இரண்டு கட்டம். மொத்தம் எத்தனை தடவை போட வேண்டும்: பத்து. எவ்வளவு இடைவெளி: ஒரு நிமிஷம்.

ஜெயசிங் விசில் அடித்தான். "பொய் சொல்லுதான்க்கா. நிரூபிக்கச் சொல்லுங்க."

"உங்க வீட்டு நம்பரச் சொல்லுங்கண்ணே" என்றான் இப்ராஹீம். கட்டத்தில் அதைத் தட்டினான். மேஜை மேல் இருந்த கறுப்புப் பெட்டி, மோடமாம், கிர்ரென்று டயல் டோன் விட்டது, டுப் டுப் டுப்பென்று நம்பர் போட்டது, மணி போனது. பிறகு அந்தப் பெட்டிக்குள்ளிருந்து ஜெயசிங்கின் மனைவி காவியாவின் குரல் வந்தது.

"ஹலோ… ஹலோ? யாரு?" கொஞ்ச நேரம் அமைதி. "ஏங்க, நீங்கதானா? வாயில என்ன கொழுக்கட்டையா? தேங்காய் வாங்கச் சொன்னத மறந்துட்டு முழிக்கீயளா? இங்கன வாங்க, இருக்கு உங்களுக்கு."

டொக். இப்ராஹீம் முகத்தை கீபோர்டு பக்கம் திருப்பிக்கொண்டான். இசக்கித்தாய் அன்றைய சிரிப்பில் பாதியைச் செலவழித்தாள்.

"அப்ப ஹெப்சி பேசுதது அவனுக்குக் கேக்கும்லா?" என்றான் ஜெயசிங், பேச்சை மாற்ற.

"பக்கத்துல இந்தத் திருகு இருக்குல்லா, இதக் குறைச்சு வச்சா கேக்காது. இந்தக் கத்தல வீட்டுல எவன் பொறுப்பான்? முக்காவாசிப் பேரு குறைச்சுத்தான் வச்சிருப்பாவ."

"இப்ராஹீம், நீ யாருக்காவது இப்படி நம்பர் போட்டுக் குடுத்தியா?"

"நான் போட்டா சரியாப் போட்டிருப்பேன்க்கா. இது எவனோ யார்கிட்டயும் கேக்காம தானாப் போட்டுக்கிட்டது. படிச்ச ஆளு. படிக்காதவன்னா என்கிட்ட வந்து கேட்டிருப்பான்."

வண்டியில் ஏறும்போது ஜெயசிங் புலம்பினான். "ஊருக்குள்ள எத்தனை கம்ப்யூட்டரு இருக்கோ. எவனோ நம்பரைத் தப்பாத் தட்டிட்டான்னு வைங்க, ஒவ்வொரு வீடா ஏறி இறங்கி ஓலை முடிஞ்சு, ரூபஸுக்கு வேற இடத்துல பிள்ளையே பிறந்துரும்."

"கை தவறினா ஒரு எண்ணு மாறும். மறுநாள் பாத்துத் திருத்திருவான். பதினெட்டு நாளா அதே நம்பரப் பாத்துக்கிட்டு, அது சரின்னு ஒருத்தன் நம்புதாம்னா என்ன அர்த்தம்?"

ஜெயசிங்குக்கு அர்த்தம் தெரியவில்லை. தேங்காய் வாங்க வேண்டும் என்பது மட்டும்தான் தெரிந்தது.

சனிக்கிழமை மத்தியானம் மறுபடி தேவமணி டீச்சர் வீடு. இசக்கித்தாய் காபியைக்கூடத் தொடாமல் கேட்டாள். "டீச்சர், இந்தத் தெருவுல மொதல்ல போன் வந்தது உங்க வீட்டுக்கா?"

"ஆமா. எண்பத்தஞ்சுல. அப்புறம் ரொம்ப நாளு நம்ம வீட்டுல மட்டும்தான்."

"அப்ப உங்க நம்பர பி.பி. நம்பராக் குடுத்தவங்க நிறைய இருப்பாவளே?"

"தெருவே குடுத்துச்சு" என்றார் டீச்சர். போன் இல்லாதவர்கள் பக்கத்து வீட்டு நம்பரைத் தன் நம்பர் மாதிரி எழுதி, பின்னால் பி.பி. என்று போட்டுக்கொள்வது அப்போதைய வழக்கம். பேங்க் பாரம், ரயில் டிக்கெட் பாரம், பள்ளிக்கூட பாரம், கல்யாணப் பத்திரிகை, எல்லாவற்றிலும் அந்த நம்பர்தான். "ஏழெட்டுக் குடும்பம் இருக்கும். யாருக்குப் போன் வந்தாலும் ஹெப்சிதான் ஓடிப்போய்க் கூப்பிடுவா. பிராக் போட்ட வயசு."

இசக்கித்தாய் சுவரில் தொங்கிய காலண்டரிடம் போனாள். ஹெப்சி ஒவ்வொரு தேதியிலும் பென்சிலால் பத்து என்று எழுதியிருந்தாள். மூன்று தேதியில் மட்டும் சுழி.

"இந்த வியாழக்கிழமை சார் வந்து உக்காந்த நாளு. இந்த மொத வெள்ளி?"

"அன்னைக்கும் மாமா இங்கனதான் இருந்தாவ" என்றாள் ஹெப்சி. "பத்திரிகை அடிக்கக் குடுக்க வந்தாவ."

"இந்தச் செவ்வாய்?"

"அன்னைக்கு ஏழு மணிக்கு ஒரு போன் வந்துச்சு. ஆனா அது பிளாங்க் கால் இல்ல. அத்தை பேசினாவ, ரூபஸோட அம்மா. அஞ்சு மணியிலேருந்து அங்கன கரண்ட் இல்லியாம், இருட்டுல பொழுது போகாமப் போன் போட்டாவளாம்."

இசக்கித்தாய் காலண்டரை மெல்லத் தடவிக் கொடுத்தாள். "போனுக்குக் கரண்ட் வேண்டாம், பாத்தியா" என்றாள் பொதுவாக. பிறகு ஹெப்சியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "இன்னைக்கு ஆறரைக்கு நாங்க இங்கன இருக்க மாட்டோம். போன நீயே எடு. திட்டாத. அந்தப் பக்கம் ஒரு மனுசன் இருக்காம்னு நெனச்சு, மனசுல உள்ளதச் சொல்லு."

"யாருக்கா கேக்கப் போறா?"

"சொல்லு" என்றாள் இசக்கித்தாய். "ஏலே, வண்டிய எடு. சிவகிரிக்கு."

"சம்பந்திகிட்ட வாய்தா வாங்கவா?" என்றான் ஜெயசிங். கரிவலம் தாண்டி வண்டி ஒருமுறை நின்றது. காற்று ஆளையே தள்ளியது. ஜெயசிங் பிளக்கைக் கழற்றி ஊதிக்கொண்டே, இந்தத் தொழிலுக்கு குக்கரே மேல், அது ஆவி போனாலாவது விசில் அடித்துச் சொல்லும் என்று மலையைப் பார்த்துப் பேசினான்.

மாணிக்கராஜ் வீட்டு வாசலை அடையும்போது ஆறு பதினெட்டு. புது வீட்டுப் பெயின்ட் வாசனை இன்னும் போகவில்லை. "செருப்ப வெளியே விடுங்க. கம்ப்யூட்டருக்குத் தூசி ஆகாது" என்பதுதான் அவருடைய முதல் வரவேற்பு. ஜெயசிங்கின் தலைக்குள் அப்போது ஏதோ ஒன்று லேசாக அசைந்தது.

முன்னறையில் பூப்போட்ட துணியை மூடிக்கொண்டு ஒரு கம்ப்யூட்டர். பக்கத்தில் கறுப்பு மோடம். சுவரிலிருந்து வரும் போன் வயர் அதற்குள் போயிருந்தது. டெலிபோன் வயரில்லாமல் ஓரமாக உட்கார்ந்திருந்தது.

"கண்டுபிடிச்சாச்சா?" என்றார் மாணிக்கராஜ்.

"பாதி கண்டுபிடிச்சிருக்கோம் சார்."

"மீதிய நாளைக்குக் கோயில்ல கண்டுபிடிச்சிருவோம்." சட்டைக் கையை மடித்தார். "இப்ப ஆறரை ஆகப் போகுது. இருங்க, என் வேலைய முடிச்சிருதேன். பதினெட்டு நாளா இன்டர்நெட்டுக்குள்ள போகப் பாக்கேன். பதில் இல்லை, பதில் இல்லைன்னே சொல்லுது. ரூபஸுக்கே தெரியாது. நானே இமெயில் அனுப்பி அவன அசர வைக்கணும்னு இருக்கேன். கத்துக் குடுக்க ஆள் வரட்டுமான்னு கம்ப்யூட்டர் வித்தவன் கேட்டான். முப்பத்தி நாலு வருசம் வாத்தியாரா இருந்தவனுக்கு நாலு கட்டத்த நிரப்பத் தெரியாதா?"

மேஜையில் ஒரு நோட்டு திறந்திருந்தது. மேலே சிவப்பு மையில் தலைப்பு, அடிக்கோடு. கணினி அமைப்பு விவரம். கீழே முத்து முத்தான கையெழுத்து. ஜெயசிங் குனிந்து படித்தான்.

தொலைபேசி எண்: 22417 (பி.பி.)

அவன் வாயைத் திறந்தான். இசக்கித்தாய் அவன் காலை மிதித்தாள். ஒன்பது வருஷம் கதவு சாத்தியும் நிற்காத வாய் அந்த மிதியில் நின்றது.

"சார், இது மோடமா?" என்றாள் இசக்கித்தாய் வெகுளியாக.

"ஆமா. வித்தவன் மாட்டிக் காட்டினப்ப பயங்கரமாச் சத்தம் போட்டுச்சு. சாயங்கால ஜெபத்துக்கு இடைஞ்சல்னு வீட்டுல இந்தத் திருகக் குறைச்சு வச்சிட்டா. இப்ப நல்ல பிள்ளையா இருக்கு."

ஆறு முப்பது. மாணிக்கராஜ் கண்ணாடியைச் சரிசெய்து, மௌஸை இரண்டு கையாலும் பிடித்து, இரண்டு தடவை அழுத்தினார். திரையில் நம்பர் வந்தது. அவர் அதைத் திருப்தியோடு பார்த்தார். பதினாலு வருஷம் எல்லாப் பாரத்திலும் எழுதிய நம்பர். அதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

இசக்கித்தாய் கையை நீட்டித் திருகை முழுசாகத் திருப்பினாள்.

மணி போகும் சத்தம் அறை முழுக்கக் கேட்டது. ஒரு தடவை. இரண்டு தடவை. யாரோ எடுத்தார்கள்.

"ஹலோ" என்றது பெட்டி.

மாணிக்கராஜின் கை மௌஸ் மேலேயே நின்றது.

"நீங்க யாருன்னு தெரியல" என்றது ஹெப்சியின் குரல். "இன்னைக்கு நான் திட்டப் போறதில்ல. நாளைக்கு எனக்கு மூணாவது ஓலை. உங்களுக்கு இது விளையாட்டா இருக்கலாம். எனக்கு…" குரல் உடைந்து மறுபடி சேர்ந்தது. "மாமாவுக்கு எங்க வீட்டுக்குத்தான் போன் வரும். தெரு தாண்டி ஓடிப்போய், மாமா உங்களுக்குப் போனுன்னு கூப்பிட்டது நான்தான். ஒரு நாளும் நான் பொய் சொன்னதில்ல. இப்ப அவங்களே என்னை வேற மாதிரி பாக்காவ. கல்யாணம் நின்னாகூடத் தாங்கிக்கிடுவேன். அந்தப் பார்வையத் தாங்க முடியல. போதும், விட்டுருங்க."

"ஏட்டி மக்கா!" என்று மாணிக்கராஜ் மோடத்தின் மேல் கவிழ்ந்தார். "நான்தான் இங்கன இருக்கேன், மாமா! நான்தான்!"

"சார், அதுக்குக் காது மட்டும்தான் உண்டு" என்றான் ஜெயசிங். "வாய் கிடையாது."

பெட்டிக்குள் ஹெப்சி மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு டொக். திரையில் வழக்கம்போல பதில் இல்லை என்று வந்தது.

மாணிக்கராஜ் நோட்டைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். இரண்டிலும் அதே நம்பர். "போன் நம்பர்னு கேட்டுச்சு" என்றார் மெதுவாக. "நம்ம நம்பரத்தானே போடணும்? இந்த வீட்டுப் போன் வந்து நாலு மாசம். இதோட நம்பர் எனக்கு இன்னும் மனசுல நிக்கல. கை தானா எழுதிட்டு."

"இன்டர்நெட் நம்பர் எங்க சார்?"

அவர் மேஜை இழுப்பறையைத் திறந்தார். இன்டர்நெட் கணக்கோடு வந்த அட்டை உறை பிரிக்காமல் கிடந்தது. அதன் முதுகில் கொட்டை எழுத்தில் நம்பர் இருந்தது. பிறர் எழுதிக் கொடுத்ததைப் பார்த்து எழுதுகிற பழக்கம் அவருக்கு எந்தக் காலத்திலும் இல்லை.

"வியாழக்கிழமை போன் ஏன் அடிக்கலன்னு கேட்டீயளே சார்" என்றாள் இசக்கித்தாய். "அடிக்க வேண்டிய ஆளு ஹெப்சி வீட்டு நாற்காலியில உக்காந்து காபி குடிச்சிக்கிட்டு இருந்தாரு."

அவர் நெற்றி வியர்வையைப் புறங்கையால் துடைத்தார். இரண்டாவது தடவை நம்பர் போட கம்ப்யூட்டர் தயாராகிக்கொண்டிருந்தது. இசக்கித்தாய் மோடத்திலிருந்து வயரைப் பிடுங்கி டெலிபோனில் மாட்டி, ரிசீவரை அவர் கையில் வைத்தாள்.

நம்பரை அவர் எங்கும் பார்க்கவில்லை. விரல் தானாகப் போட்டது.

"ஹலோ" என்றாள் ஹெப்சி. களைத்துப்போன குரல். பத்தில் இரண்டாவது என்று நினைத்திருப்பாள்.

மாணிக்கராஜ் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. முப்பத்து நாலு வருஷம் அசெம்பிளியில் மைக் இல்லாமல் பேசியவர். கண்ணாடியைக் கழற்றினார், மறுபடி மாட்டினார். ஐந்து விநாடி போனது. பத்து விநாடி போனது.

"பேசுங்க சார்" என்றான் ஜெயசிங். அவன் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. "இல்லாட்டி இதுவும் பிளாங்க் கால்தான்."

"ஹெப்சி" என்றார் மாணிக்கராஜ். "மாமா பேசுதேன். பதினெட்டு நாளா அடிச்சது நான்தாம்மா. கம்ப்யூட்டர்ல உங்க நம்பரப் போட்டுட்டேன். நாளைக்கு நான் கோயில்ல எந்திரிச்சு நிக்கேன். ஆட்சேபணை சொல்ல இல்ல. தப்பு எம்மேலன்னு சொல்ல."

அந்தப் பக்கம் நெடுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. இந்தத் தடவை பேசாமல் இருந்தது அவள். மாணிக்கராஜுக்குப் பொறுக்க முடியவில்லை. மெல்ல ரிசீவரைக் காதிலிருந்து எடுக்கப் போனார்.

"வச்சிராதீங்க மாமா" என்றாள் ஹெப்சி. "பேசுங்க."